பானட் பறந்த கதை

ஐயா, இந்த நாற்காலிக்குப் பின்கால் ஒன்று கட்டை. அட்டையை நாலாக மடித்துக் கொடுத்தால் ஆட்டம் நிற்கும். நானே வைத்துவிடுவேன், குனிந்தால் என்னை நிமிர்த்த உங்கள் ஆட்களில் ஒருவரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

சென்ற வாரமும் இங்கே வந்தேன். வாசலில் இருந்த காவலரிடம், என் மகளைக் கொன்றது நான்தான் என்று சொன்னேன். அவர் என்னை உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, என் மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். நல்ல மனிதர். அதனால்தான் இன்றைக்கு நேராக உங்களிடம் வந்தேன். அந்த ஜன்னல் வழியாகப் பாருங்கள். கறுப்பு பானட் போட்ட வேன் ஒன்று நிற்கிறதா? அதில் சாய்ந்துகொண்டு, இடது காலுக்குப் பாரம் கொடுக்காமல் நிற்கிறவர்தான் மாப்பிள்ளை. மருந்துக்கடைக்கு என்று சொல்லி இறங்கிவிட்டு இங்கே நுழைந்துவிட்டேன். நான் பேசி முடிக்கும்வரை அவரை உள்ளே விடாதீர்கள். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

எங்கள் தெருவில் போய் என் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. புருடாத் தாத்தா என்றால் நாய்கூட வழிகாட்டும். காடு மேடு, சேறு, மணல் என்று பாராமல் ஓட்டுகிற வண்டிகளுக்குக் கார்பன் ஃபைபரில் இன்ஜினை மூடுகிற பானட், மட்கார்டு, கதவு, உள்ளே ஒட்டுகிற பளபளப்புப் பட்டைகள் எல்லாம் செய்கிற பட்டறை எங்களுடையது. பார்த்தால் வெறும் கறுப்புத் துணிதான். அச்சில் அடுக்கடுக்காக விரித்து, ரெசின் பசை தடவி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்து அடுப்பில் வேகவைத்தால் இரும்பு வெட்கப்படும். எடை மட்டும் இருக்காது. எடையில்லாத சாமான் செய்கிற ஆளுக்குப் பேச்சிலும் எடையில்லை என்று என் மனைவி இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் மகள் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள். நான் செய்த கதவு ஒன்றைக் காக்கை தூக்கிக்கொண்டு போய்க் கூடு கட்டிவிட்டது, வண்டிக்காரர் பாவம், குஞ்சு பொரிக்கிறவரை மரத்தடியிலேயே காத்துக்கிடந்தார் என்பேன். அவள் சாப்பாட்டு மேசையைத் தட்டித் தட்டிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் விக்கல் எடுக்கும். நான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பேன். அந்த ஒரு விக்கலுக்காகப் பகல் முழுவதும் யோசித்துக்கொண்டே வேலை செய்வேன்.

பிறகு மாப்பிள்ளை வந்தார். மட்கார்டு வாங்க வந்தவர், மகளைக் கட்டிக்கொண்டு பட்டறையிலேயே தங்கிவிட்டார். குறை சொல்ல ஒன்றுமில்லை. குடி கிடையாது, கோபம் கிடையாது, பொய் கிடையாது. மூன்றாவதுதான் எங்கள் வீட்டுக்கு ஒத்துவரவில்லை.

"மாமா, அது அப்படி இல்லீங்க. அந்தக் கதவைத் தராசுல வெச்சதே நான்தான். காக்கா தூக்குற எடை இல்ல அது."

"பெரிய காக்கா, மாப்பிள்ளை."

"எவ்ளோ பெருசா இருந்தாலும் தூக்காதுங்க."

மரியாதையில் குறைவிருக்காது. சொல்லிவிட்டுக் குழம்பை என் பக்கம் நகர்த்தி வைப்பார். ஆனால் என் மகள், சிரிப்பதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டாள். பார்த்துவிட்டுப் பாதிச் சிரிப்போடு நிறுத்திவிடுவாள். பிறகு அந்தப் பாதியும் போயிற்று. விக்கல் நின்றது. கரண்டி தட்டில் படுகிற சத்தம் மட்டும் கேட்கிற சாப்பாட்டு மேசையில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களா, ஐயா? அங்கேதான் முதன்முதலில் எனக்குப் பயம் பிடித்தது. இந்த வீட்டில் நான் இருக்கிறேனா என்றே சந்தேகமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில் அவர் தம்முடைய ஜீப்புக்கு பானட் ஒன்று கேட்டார். விடுமுறை நாட்களில் கடற்கரை மணலில் ஓட்டப் போவார். தனியாகத்தான் போவார், மகளுக்கு அப்போது மணல் என்றால் பயம்.

இப்போது சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கார்பனும் அலுமினியமும் நேருக்கு நேர் தொட்டுக்கொள்ளக் கூடாது. உப்புத் தண்ணீர் பட்டுவிட்டால், சேர்ந்திருக்கிற கார்பன் அலுமினியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். வெள்ளைப் பொடியாக உதிரும். அதனால் இரண்டுக்கும் நடுவில் கண்ணாடியிழைத் துணி ஓர் அடுக்கு கொடுப்போம். பட்டறையில் பெருக்குகிற ஆளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். பானட்டின் முன்நுனியில் பூட்டு மாட்டுகிற தகடு அலுமினியம். அடுக்குகளுக்குள்ளே புதைந்திருக்கும், வெளியிலிருந்து பார்க்க முடியாது.

அந்த ஓர் அடுக்கை நான் வைக்கவில்லை.

வெட்டி வைத்திருந்த துணியை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கண்ணாடியிழை அரிக்கும். நெஞ்சைச் சொறிந்துகொண்டே திரிந்தேன். "என்னப்பா, கொசுவா?" என்று மகள்தான் தைலம் தடவிவிட்டாள்.

நான் எதையும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்றைச் செய்யாமல் விட்டேன், அவ்வளவுதான். மீதியைக் கடல் பார்த்துக்கொண்டது. எனக்கு அவர்மேல் பகையும் இல்லை. அவர் மணலில் ஓட்டிவிட்டு வரும் நாட்களில் நானே குழாயைப் பிடித்துக் கழுவிக் கொடுப்பேன். பானட்டின் முன்நுனியில் மட்டும் தண்ணீர் காட்ட மாட்டேன். உப்பு போய்விடுமே.

பிறகு ஒரு நாள் காலையில், ஜீப்பின் ஸ்டீயரிங்குக்கு முன்னால் என் மகள் உட்கார்ந்திருந்தாள். ஓட்டக் கற்றுக்கொள்கிறாளாம். மணல் பயமெல்லாம் போய்விட்டதாம்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. வாசல் கதவு கிறீச்சிட்டால் எழுந்து ஓடுவேன். அவள் திரும்பி வருகிறவரை பட்டறையில் ஒரு வேலை ஓடாது. வந்ததும் போய் பானட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பேன். கல் மாதிரி இருக்கும். நல்ல வேலை, ஐயா. நான் செய்ததாயிற்றே. வெளியே ஒன்றுமே தெரியாது.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும், "அந்த பானட் ஒரு நாளு பறக்கப் போகுது. நீ அதுல ஏறாதம்மா" என்றேன். அதுவரை சத்தியமான உண்மை. தொண்டைவரை உண்மையாக வந்தது, நாக்கில் ஏறியதும் ஆயுள் பழக்கம் பிடித்துக்கொண்டது. "மேல போறப்ப ஒரு பருந்து பாத்துட்டு, ஏய், நம்ம ஆளு ஒருத்தன் வரான்னு கூடக் கூட்டிட்டுப் போயிடும்" என்று முடித்தேன்.

மகள் வழக்கம்போல் அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. "பறக்குறது சரி மாமா, இறங்குறதுக்கு ரன்வே வாடகை கேப்பானுங்களே, அதை யாரு குடுக்குறது?"

அவள் மேசையைத் தட்டினாள். ஒரு டம்ளர் உருண்டது. விக்கல் வந்தது.

நான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். அடுத்த வார்த்தையாக, சிரிக்காதே, நிஜமாகவே அதில் ஒரு துணி குறைகிறது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த வார்த்தை என் வாயில் தயாராக இருந்தது. அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு, "அப்புறம் அந்தப் பருந்து என்னப்பா பண்ணுச்சு?" என்றாள்.

என்ன செய்வேன், சொன்னேன். மறுநாளும் கேட்டாள், மறுநாளும் சொன்னேன். பருந்துக்கு ஒரு மனைவி வந்தாள், பானட்டின்மேல் முட்டையிட்டாள். மூன்று பேரும் சிரித்தோம். எங்கள் வீடு அவ்வளவு நன்றாக எப்போதும் இருந்ததில்லை. ராத்திரி படுத்ததும், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று போர்த்திக்கொள்வேன்.

ஒரு காலையில் பானட் பறந்தது. கடற்கரைச் சாலையில். அவள்தான் ஓட்டினாள், அவர் பக்கத்தில் இருந்தார். எழுந்த பானட் முன் கண்ணாடியை அப்படியே மூடிவிட்டது. வண்டி பாலத்துக் கட்டையில் போய் நின்றது. அவருக்கு ஒரு காலோடு போயிற்று. வேகமாகப் போனதால் விபத்து என்று உங்கள் ஆட்களே முடித்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மாப்பிள்ளை அந்த பானட்டைப் பட்டறை மேசைமேல் போட்டு ரம்பத்தால் அறுத்தார். நான் கதவோரம் நின்றேன். தகடு இருந்த இடத்திலிருந்து மாவு மாதிரி கொட்டியது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று நான் சாப்பிட உட்கார்ந்தபோது என் டம்ளருக்குப் பக்கத்தில் அந்தத் தகட்டில் மிஞ்சியது கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

"சாப்பிடுங்க, மாமா" என்றார். சாப்பிட்டேன். "ஒரு கதை சொல்லுங்க, மாமா" என்றார். சொன்னேன். என்னென்னவோ உளறினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு தடவைகூட, அது அப்படி இல்லீங்க என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவர் ஒரே ஒரு தடவை சொல்லிவிட மாட்டாரா என்று நான் தவித்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு என்னுடைய வேனுக்கு பானட் செய்தார். நான் கேட்கவில்லை. பட்டறைக் கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு செய்தார். அவர் வெளியே போன சமயம் பார்த்துக் கண்ணாடியிழைத் துணிச் சுருளை எடுத்துப் பார்த்தேன். நான் கடைசியாகக் கோணலாக வெட்டிய விளிம்பு அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு யாரும் அதில் கத்தரி வைக்கவில்லை.

அதற்கப்புறம்தான் உங்கள் காவலரிடம் ஓடிவந்தேன். மாப்பிள்ளை வந்து நின்று, "மாமா அப்படித்தான் சார் பேசுவாரு. அந்தத் துணி உள்ள இருந்துச்சு. நானே அறுத்துப் பாத்தேன்" என்றார். காவலர் சிரித்து, என்னைக் கைத்தாங்கலாக வேனில் ஏற்றிவிட்டார். ஐயா, அந்த மனிதர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய் அது.

வேனில் எனக்கு பெல்ட் மாட்டிவிட்டார். அவர் போட்டுக்கொள்ளவில்லை. கடற்கரைச் சாலைக்குத் திருப்பினார்.

"பானட் எந்திரிச்சதும் அவ என்ன பண்ணா தெரியுமா, மாமா? சிரிச்சா. 'பாருங்களேன், அப்பா சொன்ன மாதிரியே பறக்குது'ன்னா. பிரேக்குல காலே வைக்கல."

அலை பானட்மேல் தெறித்தது. அவர் துடைக்கவில்லை. தினமும் சாயங்காலம் அந்தப் பக்கம்தான் போகிறோம். வேகமாகப் போகிறோம். என்றைக்கு என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

அதனால் என்னைப் பிடித்து உள்ளே போடுங்கள். லாக்கப்பில் ஒரு மூலை போதும். கம்பி மட்டும் கார்பனா என்று பார்த்துச் சொல்லிவிடுங்கள். கார்பன் என்றால் காக்கை தூக்கிக்கொண்டு போய்விடும், நான் தப்பியோடினேன் என்று உங்களுக்குத்தான் கெட்ட பெயர்.

ஏன் ஐயா பேனாவை மூடுகிறீர்கள்? இல்லை, உங்கள் உதடு கோணுகிறது. சிரிப்பை அடக்குகிறீர்கள். அடக்காதீர்கள், விக்கல் வரும். தண்ணீர் எங்கே வைத்திருக்கிறீர்கள்?

கதவைத் தட்டுகிறார். ஒரு நிமிஷம் நிற்கச் சொல்லுங்கள். அந்தப் பருந்து அப்புறம் என்ன செய்தது என்று நான் இன்னும் சொல்லவே இல்லையே.