ஹுய் ஷின் தட்டைத் தள்ளிவிடுகிறாள்

— போனைக் கீழ வை, வசு. ஞாயித்துக்கெழம எந்த வெல்ஃபேர் ஆபீஸ் தெறந்திருக்கும்?

— ஆபீசரு அவங்க சொந்த நம்பர் குடுத்திருக்காங்க. எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்கன்னாங்க.

— கூப்பிட்டு என்ன சொல்லப்போற?

— உள்ளதத்தான். புள்ள வந்து நாலு நாளாச்சு, நான் வெச்ச சாப்பாட்ட ஒரு வேளகூட தொடல. மைலோ மட்டும் குடிக்கிறா. மீகூன் சேமியா பண்ணிப் பாத்தேன், கஞ்சி வெச்சேன், நகெட் பொரிச்சேன். தட்ட என் பக்கமே தள்ளி விடுறா, ஜெயன். லு செங் சியா, லு செங் சியான்னு. வேணாம், போன்னுதான் இருக்கும்.

— நீயா ஒண்ணு நெனைக்காத லா. போன்ல மொழி மாத்திக் கேட்டியா?

— கேட்டேனே. போன் மண்டரின்ல பேசுது. இவ கெத்தாம் தீவுச் சீனப் புள்ள, அவங்க ஹோக்கியன் பேச்சுதான் தெரியும். போன் பேசப் பேச என்னயப் பாவமாப் பாக்குறா.

— அதான் பூரணம் அக்காவ வரச் சொல்லியிருக்கேன். கிள்ளான் பாசார்ல மீன் கடைக்குப் பக்கத்துல இருவது வருசமா காய் விக்கிறவங்க. ஹோக்கியன்ல சண்டையே போடுவாங்க.

— அவங்க வந்து, இந்த வீடு எனக்கு வேணாம்னு புள்ள சொல்லுதுன்னு சொல்லிட்டா?

— சொன்னா கேட்டுக்குவோம். புரியாமயே உக்காந்திருக்கிறதுக்கு அது எவ்வளவோ மேலு.

— எட்டு வருசம் ஜெயன். எட்டு வருசம் தத்தெடுக்க எத்தன ஃபாரம், எத்தன இண்டர்வியூ...

— அழாத. கதவத் தட்டுறாங்க பாரு.

— மிஸ்ஸி! ஐயோ சாமி, லிப்ட் ரோசாக், ஓடல. நாலு மாடி ஏறி வாரேன், தண்ணி குடுங்க மொதல்ல. எங்க பாப்பா? அட, மேசைக்கு அடியிலயா?

— காலையிலருந்து அங்கதான்க்கா. நான் ஆஸ்பத்திரியில பத்து பேஷண்ட்ட ஒத்த ஆளா சமாளிக்கிற நர்சு. இவகிட்ட என்னால ஒண்ணும் முடியல.

— இருங்க, நான் பேச மாட்டேன். நீங்க எப்பவும் குடுக்குற மாதிரியே குடுங்க. பாப்போம்.

— ஹுய் ஷின், வாம்மா. மீகூன். முட்ட போட்டிருக்கேன்.

— லு செங் சியா.

— பாத்தீங்களாக்கா? இதேதான். நாலு நாளா இதேதான்.

— ஐயோ மிஸ்ஸி, இதுக்கா கண்ணு வீங்குற வரைக்கும் அழுதீங்க? நீங்க மொதல்ல சாப்பிடுங்கங்குது!

— என்னது?

— லுன்னா நீங்க. செங்குன்னா மொதல்ல. சியான்னா சாப்பிடுறது. நீங்க சாப்பிட்டீங்களா?

— அவ வயிறு காஞ்சு கெடக்குறப்ப எனக்கு எப்படிக்கா எறங்கும்?

— சரியாப் போச்சு! நீங்க அவளப் பாத்துக்கிட்டுப் பட்டினி. அவ உங்களப் பாத்துக்கிட்டுப் பட்டினி. நல்ல வீடு தம்பி!

— யாரு இவளுக்கு இப்படிப் பழக்குனதுன்னு கேளுங்கக்கா.

— இருங்க தம்பி, கேக்குறேன்... அம்மாவாம். படுத்த படுக்கையாக் கெடந்தாங்களாம். அவங்களுக்கு ஊட்டிவிட்டுட்டுத்தான் இவ சாப்பிடுவாளாம். ஒரு நாளு பசி தாங்காம இவ மொதல்ல சாப்பிட்டுட்டாளாம்... அன்னைக்கு அவங்க கண்ணே தெறக்கலையாம்.

— கடவுளே. ஆறு வயசுல இத மனசுல வெச்சுக்கிட்டா இருந்தா?

— வசு, தட்ட எடு. அப்புறமா அழு. இப்ப சாப்பிடு.

— சாப்பிடுறேன். இந்தா பாரு ஹுய் ஷின், நான் சாப்பிடுறேன். முழுங்கிட்டேன். இன்னொரு வாய். பாரும்மா, எனக்கு ஒண்ணும் ஆகல.

— வசு, அங்க பாரு. வெளிய வந்துட்டா. கரண்டிய எடுத்துட்டா.

— மெதுவா, மெதுவாம்மா. அக்கா, மெதுவாவுக்கு என்ன சொல்லணும்?

— பான் பான்.

— பான் பான், ஹுய் ஷின். பான் பான்.

— சிரிக்குது பாருங்க, உங்க ஹோக்கியனக் கேட்டு.

— நாலு நாள்ல மொதச் சிரிப்புக்கா. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.

— எனக்கு எதுக்கு? அந்த மீகூன்ல எனக்கும் ஒரு தட்டு குடுங்க.

— அக்கா, இன்னும் ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இவ பேச்சு பேசுற வீட்டுக்குப் போயிருந்தா சந்தோசமா இருந்திருப்பாளோன்னு மனசு அரிக்குது. நாங்க கையெழுத்துப் போட்டோம், பையத் தூக்கிட்டு வந்தோம். இவள யாரும் ஒரு வார்த்த கேக்கல. இங்க இருக்க இஷ்டமான்னு கேளுங்க.

— வசு, இப்ப எதுக்கு இது?

— கேக்கட்டும் ஜெயன். யாராவது கேக்கணும்ல?

— இருங்க... மிஸ்ஸி, யாரும் கேக்கலன்னு உங்களுக்கு யாரு சொன்னா? புள்ளைங்க ஹோம்ல கேட்டாங்களாம். உங்களுக்கு முன்னாடி ஒரு சீனக் குடும்பம் வந்துச்சாம். ஹோக்கியன்தான் பேசுனாங்களாம். இவதான் போக மாட்டேன்னாளாம்.

— ஏனாம்?

— பாக்க வர்றவங்களுக்கெல்லாம் இவ தன் பங்குப் பழத்துல பாதி குடுப்பாளாம். எல்லாரும் வாங்கிக் கையிலயே வெச்சுக்குவாங்களாம். நீங்க ஒருத்தர்தான் அங்கயே கடிச்சுத் தின்னீங்களாம். அந்த அம்மா சாப்பிடுறாங்க, அவங்க சாக மாட்டாங்க, நான் அவங்க வீட்டுக்குத்தான் போவேன்னு இவதான் சொன்னாளாம்.