மாதா படத்தடியில் வைத்த ஊசி மருந்து

முடக்குவாதத்துக்கு ஊசி போட்டுக்கிற ஒருத்தர் என்கிட்ட ஒரு தடவை கேட்டார்: "சார், இந்த மருந்துல சோப்பு மாதிரி எதையோ கலந்திருக்காங்களாம். அது எதுக்கு?"

காலமெல்லாம் வேதியியல் நடத்தினவன் நான். ஆனா இதுக்குப் பதில் கதையாத்தான் வருது... வீட்டுல நோயாளியைப் பார்த்துப் பார்த்துக் களைச்சவங்கதானே இங்கே உட்கார்ந்திருக்கீங்க. சாய்ஞ்சுக்கிட்டே கேளுங்க.

கேட்டவர் பேர் ஆரோக்கியம். தூத்துக்குடியில எனக்குப் பக்கத்து வீடு. விரல் மடங்காது. சட்டைப் பட்டன்கூட மனைவி பிலோமினாதான் போட்டுவிடணும். குளிப்பாட்டுறது, ஊட்டுறது, ஊசி போடுறது... எல்லாம் அந்த அம்மாதான்.

அந்த வீட்டுல ஒரு வழக்கம். புது ஊசி மருந்து வந்தா நேரா ஃப்ரிட்ஜுக்குப் போகாது. மாதா படத்தடியில, எரியுற பல்புக்குக் கீழே, ஞாயிறு பூசை வரைக்கும் இருக்கும். ஆசீர்வாதம் இறங்கணுமே.

ஒரு ஞாயிறு பார்த்தா, மருந்துக்குள்ள பஞ்சு பஞ்சா மிதக்குது.

"போடு பிலோ. மாதா பார்த்துக்கிட்ட மருந்து."

"போட மாட்டேன்."

"வலி உனக்கா, எனக்கா?"

அந்த அம்மா குரல்கூட உயரலை... "உங்களுக்கு வலிச்சா தெருவே கேக்குது. எனக்கு வலிச்சா யாருங்க கேக்கா?"

என்னைக் கூப்பிட்டார். "நீங்க சொல்லுங்க சார், போடலாமா?"

"வேண்டாம். இந்த மருந்து ஒரு புரதம். ஒண்ணோட ஒண்ணு ஒட்டித் திரண்டா உடம்புக்கு ஆகாது. ஒட்டவிடாம காவல் நிக்கிறதுதான் நீங்க கேட்ட அந்தச் சோப்பு மாதிரிப் பொருள். வெளிச்சமும் சூடும் பட்டுக்கிட்டே இருந்தா அது உடையும். காவல் போச்சு... அதோட விடுமா? உடைஞ்சதுல உண்டாகிறது மருந்தையே அரிக்கும்."

"காவலே கடிக்குமா?"

"கடிக்கும். தாங்குற வரைக்கும் தாங்கிட்டுத்தான் உடைஞ்சுது."

இனி டாக்டரைப் பார்த்துத்தான் அடுத்த ஊசி. அதுவரைக்கும் வலி... அவர் திரும்பி மனைவி முகத்தைப் பார்த்தார்.

"பிலோ... காலையில சாப்பிட்டியா?"

"இப்பதான் கண்ணு தெரிஞ்சுதாக்கும்."

"சார், அந்த ஃபோனைக் கொஞ்சம் என் காதுல வைங்க" என்றார். தம்பிக்குப் பேசினார். "வந்து கொஞ்ச நாள் இருடா. எனக்காக இல்லை. உன் மதினி தூங்கணும்."

தம்பி வந்த அன்னைக்கு, பட்டப்பகல்ல பிலோமினா படுத்தாங்க. சாயங்காலம் மாதா கோயில் மணி அடிச்சும் எந்திரிக்கலை. இவர் வலியோட வாசல்ல உட்கார்ந்து, வர்றவங்களை எல்லாம் "மெதுவாப் பேசுங்க"ன்னு சொல்லிக்கிட்டிருந்தார்.

அம்மா... ஐயா... நோயாளி எப்படி இருக்கார்னு எல்லாரும் கேக்கிறாங்க. நடுவுல நிக்கிற உங்களை யார் கேக்கிறா? ஒரு நாள் சுள்ளுன்னு ஒரு வார்த்தை வந்துடுது. அப்புறம் ராத்திரி பூரா, 'நான் இவ்வளவு கெட்டவளா'ன்னு அழறீங்க. கெட்ட குணம் இல்லம்மா அது. தாங்கித் தாங்கி உடைஞ்சது. உடைஞ்சா, நீங்க காக்கிறவரையும் சேர்த்துத்தான் அரிக்கும்.

வீட்டுக்குப் போனதும் ஒருத்தருக்கு ஃபோன் போட்டு, "நாளைக்கு ஒரு வேளை நீ வந்து பார்த்துக்கோ"ன்னு கேளுங்க.