எட்டு வயசு அப்பா

இல்ல சார், நான் கத்தல. என் குரலே இப்படித்தான். பல்கலைக்கழகத்துல வரலாறு படிக்கிறேன், வாதாடி வாதாடியே தொண்டை இப்படி ஆயிடுச்சு. நான் கேட்டது ஒரே ஒரு சீட்டு, அப்பாவை ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்குக் கொண்டு போக. அதுக்கு நீங்க திரையைத் திருப்பிக் காட்டி, உங்கப்பாவுக்கு வயசு எட்டும்மாங்கிறீங்க.

ஆமா, அவர் பிறப்புச் சான்றிதழ்ல 2017னுதான் இருக்கு. யாரு இல்லேன்னா? அது அவர் பொறந்த நாட்டு வருஷம் சார். அங்க எண்ணிக்கை இங்கத்ததைவிட அம்பத்தேழு வருஷம் முன்னால ஓடுது. கழிச்சுப் பாருங்க, 1960. அறுபத்தஞ்சு வயசு.

தப்பான வருஷமா? எது சார் சரியான வருஷம்? ஒரு நாட்டுல ராஜா மாறினா வருஷம் மறுபடி ஒண்ணுலேர்ந்து. இன்னொரு நாடு ஏழெட்டு வருஷம் பின்னால வருது, அங்கயும் பஸ் நேரத்துக்கு ஓடுதாம். நிலாவைப் பாத்து எண்றவங்களுக்கு வருஷமே பத்துப் பதினோரு நாள் குட்டை. எல்லாரும் ஒரே சூரியனைத்தான் பாக்கறாங்க. உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் தனிச் சூரியன் போல.

சிரிக்காதீங்க. இந்த எட்டு வயசை வச்சுத்தான் போன வாரம் அவரைக் குழந்தைங்க வார்டுல போட்டீங்க. ஆறடி மனுஷன், கால் ரெண்டும் கட்டிலுக்கு வெளியே. செவுத்துல முயல் படம். எட்டு வயசுக்கு உண்டான பலூன்கூட கணக்கா வந்துச்சு. நான் வார்டே அதிர சண்டை போட்டேன். அவர் என்னடான்னா பலூனைக் கட்டில் கம்பில கட்டிட்டு, விடும்மா, இந்த வயசு நல்லாத்தான் இருக்குங்கிறாரு.

திருத்தறதுக்கு பத்து நாளா? மேலதிகாரி லீவா? அப்பாவுக்குப் பத்து நாள் தாங்காது சார்.

சின்னப் பையன்னா அம்மா வந்து கையெழுத்துப் போடணுமா? எங்க பாட்டி போயே இருபது வருஷமாச்சு. மக போட்டா செல்லாதாக்கும். எட்டு வயசுப் பையனுக்கு இருபத்திமூணு வயசுல மக ஏதுங்கிறீங்க. அதுவும் நியாயந்தான்.

என்னது, நான் அவருக்கு அம்மான்னு போடறதா? பதினஞ்சு வயசுல பெத்தேனா? கம்ப்யூட்டர் ஒத்துக்கும்கிறீங்க. அது எதைத்தான் ஒத்துக்காது, உண்மையைத் தவிர. பொய்க்கு நான் கையெழுத்துப் போடறதா இல்ல சார். இங்கயே உக்காந்துருவேன்.

இருங்க, போன் வருது. சொல்லுங்கண்ணே. ஆமா, மேலதான் நிக்கறேன். சரிண்ணே, அஞ்சு நிமிஷம்.

கீழ ஐஸ் ரூம்லேர்ந்து சார். அடுத்த ஆள் வந்துட்டாராம், அப்பாவை வச்சிருக்கிற பெட்டி வேணுமாம். காலைல அஞ்சு மணிக்கே அப்பா போயிட்டாரு. சொல்லலையா நான்? வருஷத்தைப் பத்தியே பேசிட்டு இருந்துட்டேன்.

சரி, அம்மான்னே போட்டுக்குங்க. எங்க கையெழுத்து, இங்கயா?

தேதியுமா? நீங்களே சொல்லுங்க சார், இது என்ன வருஷம்?