ஒரு தட்டு இடது, இரண்டு தட்டு வலது

கதவைச் சாத்திவிட்டீர்களா? சரி, கிட்ட வந்து உட்காருங்கள். இது என் சிநேகிதனின் சின்ன மாமாவுக்கு நடந்தது. மனுஷன் பிணவண்டி ஓட்டுகிறவர். பேய் பிசாசு என்றால் சிரிப்பார்... அதாவது, அன்றுவரை சிரித்தார்.

பொழுது சாய்ந்து இருட்டுகிற நேரம். மழை விட்டிருந்தது. ஊருக்கு வெளியே ஆள் அரவமில்லாத புதுச்சாலை. வண்டியின் பின்னால் இறந்தவர். முன்னால், மாமா பக்கத்தில், இறந்தவரின் தம்பி. வீட்டில் அவர்கள் தாய் படுத்த படுக்கை. மகன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று உயிரைப் பிடித்துவைத்துக்கொண்டு கிடந்தாள்.

வீடு ஒன்றும் தூரமில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம்தான். முன்பு நேர்த்தெரு இருந்ததாம், நடந்தே போய்விடலாம். ஊர் பெருத்ததும் ஆளாளுக்கு மனை போட்டு, ஆளாளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பி, தெருவையெல்லாம் முட்டுச்சந்து ஆக்கிவிட்டார்கள், புண்ணியவான்கள். இப்போது ஊரையே சுற்றி வரவேண்டும்.

தம்பிக்கு வெளியூரில் வேலை. அவனுக்கும் வழி தெரியாது. எல்லா வீடும் ஒரே அச்சு. ஒரு தெருவில் நுழைந்தால் சுவர்... திருப்பு. அடுத்ததில் நுழைந்தால்... மறுபடி சுவர். செல்போன் காட்டிய வழி நேரே சுவருக்குள் போயிற்று. அம்மா போய்விடுவாள் என்று தம்பி தேம்பினான்.

அப்போதுதான், முதுகுக்குப் பின்னால், தகரத் தடுப்பில்... டொக்.

மாமா தன்னையறியாமல் இடப்பக்கம் ஒடித்தார். சுவர் இல்லை! அடுத்த முக்கில்... டொக், டொக். வலப்பக்கம் ஒடித்தார். அங்கேயும் வழி விட்டது. இத்தனைக்கும் பின்பக்கம் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

நிறுத்தி ஒரு தடவை பார்த்துவிடலாமா என்று மாமா கேட்டார். தம்பி கையெடுத்துக் கும்பிட்டான்.

"வேணாம்ணே. அண்ணன்தான் வழி காட்டுறாரு. அம்மாகிட்ட போகணும்னு துடிக்கிறாரு. நீங்க ஓட்டுங்க."

ஓட்டினார். தட்டல் சொன்ன பக்கமெல்லாம் திருப்பினார். வண்டிக்குள் ஈரச் சிமெண்டும் ஆஸ்பத்திரி மருந்தும் கலந்த வாடை. போகப்போகச் சத்தம் மெலிந்தது. கடைசித் திருப்பத்தில் நகம் உரசுவதுபோல் ஒன்று... அவ்வளவுதான். எதிரே வாசல் விளக்கு. வீடு.

தாயை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். உயிரோடிருந்தாள். நல்லவேளை என்று மாமாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பின்கதவைத் திறந்துவிட்டார்.

போர்த்திய துணி கீழே கிடந்தது.

அவள் மகனின் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. பிறகு தம்பியைப் பார்த்துக் கேட்டாள்.

"கை இன்னும் சூடா இருக்கேடா?"