ஆமைக் காருக்கு நாலு டயர்

— இல்ல மிஸ்ஸி, றிம் பெருசானா கார் உயந்து ஒழும்பும் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்ன?

— ஒருத்தரும் சொல்லல்ல, ஹமீட் காக்கா. காரில இருக்கிற பதின்மூண்டையும் இந்தப் பதினைஞ்சையும் பக்கத்தில வெச்சுப் பாத்தன். ரெண்டு அங்குலம் வித்தியாசம் இருக்கு.

— வெறும் றிம்ம வெச்சுப் பாத்திருக்கீங்க. ரெண்டு அங்குலத்தில ஒண்டு மேலுக்குப் போயிரும். கீழுக்கு ஒண்டுதான். அந்த ஒண்டையும் இந்தக் கடதாசித் துண்டில எழுதிக் கிடக்கிற டயர் திண்டுரும். உங்கட புருசன் தங்கராசாட எழுத்தா இது?

— அவர்ர எழுத்துத்தான்.

— நூத்தித் தொண்ணூத்தஞ்சு, அம்பது, பதினைஞ்சு. மறுகா கேளுங்க. முதல் இலக்கம் டயர்ர அகலம். ரெண்டாவது உயரம். அம்பது எண்டா அகலத்தில அரைவாசிதான் உயரம். றிம் பெருசு, றப்பர் மெல்லிசு. கார் இப்ப நிக்கிற உயரத்திலதான் மறுகாவும் நிக்கும்.

— அப்ப எதுக்கு இந்த றிம்?

— வடிவுக்கு. ரெண்டு கதவு, சிவப்பு நிறம், பெரிய றிம், மெல்லிசு டயர். வளைவில ஆடாது. கொழும்பில ஓடினா ஆக்கள் நிண்டு பாப்பாங்க.

— எங்கட கிரானில ஆர் நிண்டு பாக்கிற?

— மாடு பாக்கும்.

— சரி. எனக்கு ஒழும்பணும் காக்கா. எந்த இலக்கம் போட்டா ஒழும்பும்?

— இருங்க, முதல்ல தேத்தண்ணியக் குடிங்க. கண்ணெல்லாம் உள்ளுக்குப் போய்க் கிடக்கு. நித்திரை இல்லியா?

— விடிய ரெண்டு பிரசவம் பாத்தன். மறுகா இஞ்ச ஓட்டமாவடிக்கு வாறதுக்குள்ள மூண்டு ஆமிச் சென்றி. மூண்டிலயும் இறங்கி ஏறினன். நாலு றிம்மையும் ஒவ்வொண்டா இறக்கிக் காட்டினன்.

— றிம் எதுக்கு எண்டு கேக்கல்லியா?

— கேட்டான். ஆறு வருசமா நெல்லுச் சாக்குக்குள்ள கிடந்தது எண்டன். அதுக்கு அவன் நெல்லுக்குள்ள ஏன் றிம் வெச்ச எண்டு கேட்டான். நல்லகாலம் விட்டுட்டான்.

— ஆறு வருசமாகுதா?

— ஆடியோட ஆறு முடிஞ்சுது. இந்த டயர் வாங்கத்தானே போனவர். இந்தத் துண்டப் பாத்து இன்னொரு துண்டில எழுதிக்கொண்டு கொழும்புக்குப் பஸ் ஏறினவர்.

— ஒரு தகவலும்...

— இல்ல காக்கா. இலக்கத்தச் சொல்லுங்க.

— அறுபத்தஞ்சு இருக்கு. நூத்தித் தொண்ணூத்தஞ்சு அகலம்தான், ஆனா றப்பர் உயரம். அகலத்துக்கு நூத்தில அறுபத்தஞ்சு பங்கு. பொலநறுவையில உடைஞ்ச வான் ஒண்டில கழட்டின. நாலும் கட்ட நல்லம், தேயல்ல.

— அதில எவ்வளவு ஒழும்பும்?

— இப்ப நிக்கிறதில இருந்து ஒரு அங்குலமும் கொஞ்சமும்.

— அவ்வளவுதானா?

— ஒரு அங்குலம் எண்டா சின்னனா? வயிறு தட்டுற காருக்கு ஒரு அங்குலம் பெரிய விசயம் மிஸ்ஸி.

— அதுக்கு மேல இல்லியா? எழுவது?

— இருக்கு. போட்டா ஸ்டியரிங்க முழுசா ஒடிக்கேக்க உள்ளுக்கு முட்டும். அறுபத்தஞ்சுக்கே மட்காட்ர ஓரத்த நான் தட்டி மடிக்கணும். மறுகா வேக மீற்றரும் சரியாக் காட்டாது. அம்பது எண்டு காட்டும், நீங்க அம்பத்தஞ்சில ஓடுவீங்க.

— ஞாபகம் வெச்சுக்கொள்ளுறன். அறுபத்தஞ்சப் பூட்டுங்க.

— பூட்டுறதுக்கு முன்ன நான் ஒண்டு கேக்கணும். கோவிக்கப்படாது.

— கேளுங்க.

— உங்கட கார் இன்னும் உங்கட வாசலில ஏன் நிக்குது?

— தெரியும் காக்கா.

— தெரிஞ்சுமா? கூட்டுறவுக் கடை லொறி போச்சு. வல்லிபுரத்தின்ட வான் போச்சு. அவன்ட ட்ராக்டரும் போச்சு. கிரானில நாலு சில்லில ஓடுற ஒண்டையும் இயக்கப் பொடியனுகள் விட்டு வைக்கல்ல.

— ஆமைய விட்டாங்க.

— ஏன் விட்ட?

— வந்து ஓடிப் பாத்தாங்க. என்ட வாசல் படலை தாண்டினதும் பள்ளத்தில வயிறு தட்டிச்சு. ஓடினவன்ட முழங்கால் ஸ்டியரிங்கில இடிச்சுது. எல்லாரும் இறங்கி நிண்டு சிரிச்சாங்க. "இந்த ஆமைய நீங்களே வெச்சிருங்க அக்கா" எண்டு சொல்லிட்டுப் போனாங்க. அண்டையில இருந்துதான் ஊருக்கெல்லாம் அது ஆமை.

— அதத்தான் சொல்றன். பணிஞ்சு கிடந்ததாலதான் தப்பிச்சுது. நீங்க இப்ப ஆமைக்குக் கால் வெச்சுக் குடுக்கச் சொல்றீங்க. வயல் வட்டைக்குள்ளால ஓடும் எண்டு கண்டா நாளைக்கே வந்து நிப்பாங்க.

— வரட்டும்.

— தங்கராசாட கார் மிஸ்ஸி.

— ஓம். அவர்ர கார்தான்.

— ஆறு வருசமாக் கோழிய அடைகாக்கிற மாதிரிக் காத்தீங்க. இப்ப என்ன வந்த?

— இரத்தினம்மாக்கு அடுத்த கிழமை நாள்.

— அது ஆரு?

— அன்னப்பூரணிட தங்கச்சி. ஆத்தைக் கடக்கிற தாம்போதிக்கு அங்கால இருக்கிறா. முதல் பிள்ளை.

— அன்னப்பூரணி எண்டா... போன ஐப்பசியில மவுத்தான புள்ளயா? இளையதம்பிட பொஞ்சாதி?

— ஓம். இளையதம்பி சைக்கிளில வந்து என்னக் கூப்பிட்டவர். நான் காரக் கொண்டு போனன். தாம்போதியில தண்ணி, றோட்டுக்கு மேலால ஓடிச்சுது. கார் பணிவு. கதவு மட்டத்துக்கு வந்து உள்ளுக்கும் வந்துட்டுது. கிறுகித் திரும்பிட்டன். பின்னால வந்த இளையதம்பிட்டத் தண்ணி வந்துட்டுது எண்டு சொன்னன். மறுகா அவள வண்டிலில ஏத்தி வேற பாதையால சுத்திக்கொண்டு வந்தாங்க. ஆஸ்பத்திரி வாசலில ரெத்தம் நிக்கல்ல. பிள்ளை இருக்கு. தாய் இல்ல.

— போன ஐப்பசியிலயா தண்ணி? போன முற மழை பிந்தித்தானே? விதைச்ச நெல்லு முளைக்கல்ல எண்டு ஓட்டமாவடியே கிடந்து கத்திச்சு.

— காட்டுப் பக்கம் பெய்ஞ்ச தண்ணி வந்திருக்கும்.

— இருக்கும், இருக்கும். எண்டாலும் மிஸ்ஸி, அங்கால றோட்டப் பத்தி நீங்க யோசிக்கத் தேவையில்ல. தாம்போதிய இளையதம்பி ஒழுப்பிட்டானே. தெரியாதா?

— தெரியும்.

— கோடை முழுக்கக் கல்லுச் சுமந்தான். கல்லு உருளாம நிக்க என்னட்டத்தான் பழைய டயர் கேட்டு வந்தான். இருவது டயர் குடுத்தன். ரெண்டு ரெண்டாச் சைக்கிளில கட்டி உருட்டிக்கொண்டு போனான். ஆருக்கு எண்டு கேட்டன். "மிஸ்ஸிட கார் பணிவு காக்கா. இனி ஒரு நாள் அவ கிறுகப்படாது" எண்டான். கண்ணால தண்ணி வந்துட்டுது எனக்கு.

— என்னைக் கண்டாச் சைக்கிளால இறங்குவார். "நீங்க என்ன செய்யிற மிஸ்ஸி, தண்ணியெல்லோ" எண்டு எனக்கு ஆறுதல் சொல்லுவார்.

— நல்ல மனிசன்.

— கையப் பாத்தீங்களா அவர்ர? நான்தான் மருந்து கட்டினன். நகம் மூண்டு இல்ல.

— அப்ப றோட்டும் ஒழும்பிட்டுது. காரும் ஒழும்பணுமா?

— ஒழும்பணும். தாம்போதிக்கு அங்கால வயல் பாதை, பள்ளத்தில வயிறு தட்டும்.

— பிடிவாதம். என்ட மகள் ஸஹீதாட புள்ளைய எடுத்த கையிது, அதுக்காக நான் சொல்லுக் கேக்கிறன். சாவியத் தாங்க. ஜக்கு ஏத்தக்க அடித்தரை உள்ளுக்கு அமுங்கிராமப் பாக்கணும். தண்ணி வந்த கார், துருப் புடிச்சிருக்கும். உள்ளுக்குக் கார்ப்பெட்ட ஒருக்காத் தூக்குறன்.

— அதெல்லாம் துரு இல்ல காக்கா.

— தொழிலில சும்மா நம்பப்படாது மிஸ்ஸி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க... மெய்தான். துரு இல்ல.

— நான் சொன்னன்தானே.

— சேறும் இல்ல.

— கழுவினன்.

— கழுவினாலும் இந்த மூலைக்குள்ள வண்டல் நிக்கும். தாம்போதித் தண்ணி செம்மண் தண்ணி. என்ட கடைக் கதவில பாருங்க, அந்தப் பெரிய வெள்ளம் வந்து போன கோடு இன்னும் நிக்குது. மூண்டு தரம் வெள்ளை அடிச்சும் போகல்ல.

— நல்லாக் கழுவினன் காக்கா.

— சரி, சரி. நல்லாத்தான் கழுவியிருக்கீங்க. பசை காயாத புதுக் கார்ப்பெட் மாதிரிக் கிடக்கு.

— நேரம் போகுது. நாலு மணிக்குச் சென்றி மூடிருவான்.

— மூடட்டும். மறுகா கேளுங்க, நான் ஒண்டு சொல்றன். இந்த டயரப் பூட்டினா கார் அவங்கட கைக்குப் போகும். போனா உங்களுக்குத் தங்கராசாட சாமான் எண்டு ஒண்டும் மிஞ்சாது. பூட்டாட்டி நீங்க அங்கால போக ஏலா. அதுதானே?

— ஓம்.

— பழிய நான் எடுக்கிறன். இளையதம்பி வந்து கேட்டா, ஹமீட் காக்காட்ட டயர் இல்லயாம், சென்றியில மறிச்சுட்டானாம் எண்டு சொல்லுங்க. வந்தாலும் நானும் அதத்தான் சொல்லுவன். இரத்தினம்மாவ நாளைக்கே வண்டிலில இஞ்சால எடுத்து வெச்சிரட்டும்.

— வண்டிலும் இல்ல. மாட்டையும் அவங்க கொண்டு போயிட்டாங்க.

— எண்டாலும், ஏலாது எண்டு சொல்ல மனிசனுக்கு ஒரு சாட்டு வேணும் மிஸ்ஸி. போன முற தண்ணி. இந்த முற டயர். ரெண்டிலயும் உங்கட பிழை என்ன இருக்கு?

— சாட்டு வேணாம் காக்கா, அறுபத்தஞ்சப் பூட்டுங்க. அண்டைக்கு அங்கால கரையில அவங்க ரெண்டு பேர் நிண்டாங்க. ஆமை ஏறி வாறதக் கண்டா இனி விடமாட்டாங்க, அவர் திரும்பி வந்தா "கார் எங்க" எண்டு கேப்பார் எண்டு நினைச்சன். அதுதான் கிறுகினன். தாம்போதி காஞ்சு கிடந்தது.