காரம் போடாத பங்கு

"பெரிய டப்பா எனக்கு, சின்ன டப்பா என் மகளுக்கு. ஆனா மத்தியானம் ரெண்டையும் நான்தான் தின்பேன் அக்கா."

காலையில் தேனியிலிருந்து கடமலைக்குண்டு போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்தவர் சொன்னது இது, பிள்ளைகளா. அவர் விரல் நுனியெல்லாம் பீட்ரூட் நறுக்கின சிவப்பு. எதுக்கு ரெண்டு டப்பா என்று கேட்டது அவர் பக்கத்தில் இருந்த ஒரு அக்கா. அந்த அக்கா கடமலைக்குண்டுக்கு டிக்கெட் எடுத்திருந்தார்.

"ஏப்பா, மக எங்க?"

"அவ அம்மாவோட உங்க ஊர்லதான் இருக்கா. ஒரு மாசமாச்சு. பொரியலுக்கு மிளகாப்பொடி போடுறதுக்கு முன்னாடி பிள்ளைக்கு ஒரு கரண்டி எடுத்து வைக்கணும்ல? நான் மறந்துட்டேன். பிள்ளை தின்னுட்டு அலறிட்டா. வீட்டுக்காரி வஞ்சா, நானும் பதிலுக்கு வஞ்சேன். அவளும் பிள்ளையுமா கிளம்பிப் போயிட்டாக."

"இப்ப மட்டும் மறக்காம எடுத்து வைக்கிறயாக்கும்!"

"கை தானா எடுத்து வச்சிருது அக்கா."

"இந்த பஸ்ஸு அங்கனதான போகுது. நேரா போய்க் குடுக்க வேண்டியதுதான?"

"தெனமும் இதே பஸ்ஸுதான். வேலைக்குன்னு முன்னாடியே, ரோடு பிரியுற விலக்குல இறங்கிருவேன்."

விலக்கு வந்தது. அவர் எழுந்து சின்ன டப்பாவை அந்த அக்காவிடம் நீட்டினார்.

"பள்ளிக்கூடத்துக்கு எதுத்த வீடு. காரம் இல்லைன்னு மட்டும் சொல்லிருங்க."

"அதை நீயே வந்து சொன்னா என்னப்பா?"

டப்பாவை அக்கா மடியில் வைத்துவிட்டு அவர் இறங்கினார். பஸ் கிளம்பிய பிறகும் வேலைக்குப் போக ரோட்டைத் தாண்டாமல், பெரிய டப்பாவோடு அங்கேயே நின்றிருந்தார்.