ஏழாவது எடைக்கல்

பிசிக்ஸ் பீரியட் நடுவில் சாப்பாட்டு மணி அடித்தால் எனக்குக் கோபம் வரும் மேடம். வகுப்பே டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருக்கும். நான் மட்டும் சாரின் பின்னாலேயே போய் இன்னொரு கேள்வி கேட்பேன். அவர் கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே, "எக்ஸ்பிரஸ், எனக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கும்மா" என்பார். எக்ஸ்பிரஸ் என்பது அவர் எனக்கு வைத்த பெயர். யோசிப்பதும் வேகம், பேசுவதும் வேகம், கை காலை ஓரிடத்தில் வைக்கத் தெரியாது என்று.

வியாழக்கிழமை லேப்பில் நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை என்று தலைப்புப் போடத்தான் கை போகிறது. ரெக்கார்டு நோட்டு எழுதி எழுதி வந்த பழக்கம். அடக்கிக்கொண்டு நடந்தபடியே எழுதுகிறேன். முதலில் ஒன்று. மாணவிக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கொடுக்காமல் விட்டார் என்று சாரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அது தவறான தகவல். தவறான தகவலைத் திருத்தாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அடிபட்டவள் என் சித்தி மகள் என்பது உங்களுக்குத் தெரியும். சித்தப்பாவுக்கு வேலை வெளியூருக்கு மாறியதிலிருந்து சித்தியும் அவளும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். எனக்கும் அவளுக்கும் ஒரே அறை, ஒரே மேசை. இங்கே ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. என்னைவிட நான்கு மாதம் சின்னவள், அதற்காக வாய் நிறைய அக்கா என்பாள். வகுப்பில் அவளுக்குப் பெயர் நத்தை. ஒரு ரீடிங் எடுத்தால் அதையே மறுபடி எடுத்துப் பார்ப்பாள், பிறகு பென்சிலைச் சீவுவாள், பிறகுதான் எழுதுவாள். எனக்கு அவள்மேல் பொறாமை என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நத்தையைப் பார்த்து எக்ஸ்பிரஸ் எதற்குப் பொறாமைப்பட வேண்டும்?

விஷயம் போன டெர்மில் தொடங்கியது. ஸ்பிரிங் சோதனை. ஸ்பிரிங்கில் எடை தொங்கவிட்டு அதன் விறைப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்பிரிங் வந்த அட்டைப் பெட்டியிலேயே 25 என்று அச்சடித்திருக்கிறது. வகுப்பு முழுக்க 24.9, 25, 25.1 என்று வரிசையாக விடை வந்தது. எனக்கு வந்தது 21.6. மூன்று முறை செய்தேன், அதேதான். அப்படியே எழுதினேன். சார் நோட்டுகளைத் திருத்திக்கொண்டே வந்தவர் என்னுடையதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பழைய ஸ்பிரிங்கும்மா, தளர்ந்து போச்சு. இந்த வகுப்புல ஒருத்திதான் ஸ்பிரிங்கைப் பார்த்திருக்கா. மத்தவங்கெல்லாம் பெட்டியைப் பார்த்திருக்கீங்க."

ஒருத்தி என்றார் மேடம். அந்தச் சொல்லை நான் முழுதாக வாங்கிக்கொள்வதற்குள் அடுத்த நோட்டைத் திறந்தார். நத்தையுடையது. அதிலும் 21.6. "சரி, ரெண்டு பேரு" என்றார்.

எனக்கு அங்கேயே பொறி தட்டியது. ஊரே ஒரு விடை எழுதும்போது, ஒரே அறையில் தூங்குகிற இரண்டு பேருக்கு மட்டும் வேறொரு விடை, அதுவும் புள்ளிக்குப் பின்னால் வரைக்கும் ஒன்றாக வருமா? சாரிடம் நாசூக்காகக் கேட்டேன். "ஒழுங்கா அளந்தா எல்லாருக்கும் ஒரே விடைதானே வரணும்? அதுக்குப் பேர்தான் பிசிக்ஸ்" என்று சிரித்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்குச் சந்தேகப்படத் தெரியாது. அம்மாவிடமும் சொல்லிப் பார்த்தேன். "ஒரே ரூம்ல கிடக்கிறீங்க, ஒரே விடை வந்தா என்னடி? ஒரே சளியும்தான் வருது" என்று போய்விட்டாள்.

யாரும் கேட்காததால் நானே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். தூங்கப் போகும் முன் ரெக்கார்டு நோட்டின் பக்கங்களுக்கு நடுவில் ஒரு தலைமுடியை வைப்பேன். காலையில் முடி வைத்த இடத்திலேயே இருக்கும். சாதாரண ஆளாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார்கள். முடி நகரவில்லை என்றால் என்ன அர்த்தம்? முடி இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்து பக்க ஓரத்தில் பவுடர் தூவினேன். அதுவும் கலையவில்லை. இரண்டு மாதத்தில் ஒரு தடயம்கூடக் கிடைக்கவில்லை. இவ்வளவு சுத்தமாக ஒருத்தி இருக்கிறாள் என்றால் அவள் எவ்வளவு கெட்டிக்காரி என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதற்கிடையில் அறிவியல் முகாம் அறிவிப்பு வந்தது. பள்ளிக்கு ஒரே இடம். கம்பி நீட்சி சோதனையை ஒவ்வொருவரும் தனியாகச் செய்ய வேண்டும், அதை வைத்து வெள்ளிக்கிழமை பெயர் சொல்வேன் என்றார் சார். ஒருவரா இரண்டு பேரா என்ற பேச்சுக்கே இடமில்லை, ஒன்றுதான். நான் செய்ததற்கும் முகாமுக்கும் சம்பந்தமில்லை. எனக்கு வேண்டியிருந்தது உண்மை மட்டும்தான். சம்பந்தமில்லை என்பதை இன்னொரு முறையும் எழுதிவிடுகிறேன்.

சோதனை இதுதான். மெல்லிய எஃகுக் கம்பி. ஒரு முனையை மேசையின் இந்தக் கோடியில் இறுக்கி, மறுமுனையை அந்தக் கோடியில் உள்ள கப்பியின் மேல் போட்டுக் கீழே தொங்கவிட வேண்டும். அதில் அரைக் கிலோ எடைக்கற்களை ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். மொத்தம் எட்டுக் கல். ஒவ்வொரு கல்லுக்கும் கம்பி அரை மில்லிமீட்டர் நீளும். கப்பிக்குக் கொஞ்சம் முன்னால் கம்பியில் சின்னக் காகிதக் கொடி ஒட்டியிருக்கும், அதன் அடியில் ஸ்கேல். கண்ணைக் கொடிக்கு நேர் மேலே வைத்துப் பார்க்க வேண்டும். சாய்ந்து பார்த்தால் ரீடிங் மாறிவிடும்.

திருடன் மாட்டுவதற்குத்தான் எல்லோரும் பொறி வைப்பார்கள். இரண்டு மாதமாக அப்படி வைத்துத்தான் நான் ஏமாந்தேன். திருடன் பொறியை மோப்பம் பிடித்துவிடுவான். அதனால் தலைகீழாக யோசித்தேன். நேர்மையானவள் மட்டும் மாட்டுகிற பொறி. என் நோட்டைப் பார்த்து எழுதுகிறவள் எட்டுக் கல்லையும் மாட்டப் போவதில்லை, கண்ணைக் கொண்டுபோய்க் கொடியின் மேல் வைக்கப் போவதில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகாது. சோதனையை உண்மையாகச் செய்கிறவளுக்கு மட்டும் கம்பி அறும். எவ்வளவு சுத்தமான ஏற்பாடு என்று பாருங்கள். யாரும் நடிக்க முடியாது.

வியாழக்கிழமை இரண்டாவது பீரியடில் என் முறை. எட்டு ரீடிங்கும் எடுத்து முடித்தேன். சாப்பாட்டு இடைவேளையில் லேப் காலியாக இருந்தது. கண்ணாடிக் குழாய் அறுக்கிற முக்கோண அரம் ஒன்று இரண்டாவது டிராயரில் இருக்கும். கப்பியின் பள்ளத்தில் கம்பி உட்காருகிற இடத்தில், அடிப்பக்கமாக, நான்கு இழுப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியாது. மிச்சம் எவ்வளவு தடிமன் என்று ஸ்க்ரூ கேஜில் அளந்தேன். எஃகு எவ்வளவு இழுவை தாங்கும் என்பது புத்தகத்தின் கடைசியில் உள்ள அட்டவணையில் இருக்கிறது. ஏழாவது கல்லில் அறும் என்று கணக்கு வந்தது. ஐந்தாறு ரீடிங் எடுத்துவிட்டு மிச்சத்தை என் நோட்டிலிருந்து நிரப்புகிறவர்களும் இருக்கிறார்களே, அவர்களும் சலித்து வெளியே வரட்டும் என்றுதான் ஏழு.

ஐந்தாவது பீரியட் அவள் முறை. சாரை ஆபீசில் கூப்பிட்டார்கள். போகும்போது என் கையில் அலமாரிச் சாவியைக் கொடுத்தார். "கண்ணாடி எடுத்துக் கொடு, மாட்டாம கம்பிகிட்டயே போகக் கூடாது. நான் வர்ற வரைக்கும் நீ கூடவே இரு" என்றார். தயவுசெய்து இந்த வரியின் கீழ் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அவர் தன் கடமையைச் செய்துவிட்டுத்தான் போனார்.

என் ரெக்கார்டு நோட்டை, காலையில் எடுத்த ரீடிங் உள்ள பக்கம் தெரியும்படி திறந்து மேசைமேல் வைத்துவிட்டு, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் வந்தாள். நோட்டைப் பார்த்தாள். மூடி, என் மடியில் கொண்டுவந்து வைத்தாள்.

"அக்கா, நோட்டை இங்க போட்டுட்டுப் போயிட்ட. கப்பி எண்ணெய் பட்டுடப் போவுது."

பிறகு கண்ணாடி எங்கே என்று கேட்டாள். சாவி சாரிடம் இருக்கிறது என்றேன். சாவி என் பாவாடைப் பையில் இருந்தது. கண்ணாடி பழசு, கீறல் விழுந்தது, அதை மாட்டிக்கொண்டு பார்த்தால் அரை மில்லிமீட்டர் தெரியாது. ரீடிங் கெட்டுப்போகும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

நீங்கள் ஒன்று கேட்பீர்கள். நோட்டை மூடினபோதே அவள் பார்த்து எழுதுகிறவள் இல்லை என்று தெரிந்துவிட்டதே, முதல் கல்லை மாட்டினபோது இன்னும் உறுதியாகிவிட்டதே, அங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்று. நியாயமான கேள்விதான். சோதனை நடக்கும்போது நடுவில் கை வைக்கக் கூடாது மேடம். முதல் வகுப்பிலேயே சார் சொல்லிக்கொடுத்தது அது.

அவள் வழக்கம்போல் மெதுவாகச் செய்தாள். கல்லை மாட்டுவாள், ஆடாமல் நிற்கும்வரை காத்திருப்பாள், குனிந்து பார்ப்பாள், நிமிர்ந்து, மறுபடி குனிவாள், எழுதுவாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ பந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று. நான்கு. ஐந்தாவதின்போது, முகாமுக்கு நீதான் போவாய், போனால் அவர்கள் கொடுக்கிற நோட்ஸை எனக்கும் கொண்டுவா என்றாள். எதற்காக அதைச் சொன்னாள் என்று அப்போதே யோசித்தேன். ஆறு. கம்பி தாங்கியது.

ஏழாவது கல்லை மாட்டினாள். ஒரு நொடி ஒன்றும் ஆகவில்லை. அவள் குனிந்தாள்.

"அக்கா, கண்ணு நேரா இருக்கா, கொஞ்சம் பாரேன்."

நேராகத்தான் இருந்தது.

"இன்னும் கிட்ட போ" என்றேன்.

போனாள்.

சத்தம் பெரிதாக இல்லை. விசில் போல ஒன்று, பிறகு கற்கள் தரையில் விழுந்த சத்தம். அவள் கத்தவும் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "அக்கா, லைட் போயிடுச்சா?" என்று கேட்டாள்.

நான் அவளுடைய நோட்டைப் பார்த்தேன். ஆறு ரீடிங்கும் என்னுடையதும் ஒன்றுதான், ஒரு புள்ளி வித்தியாசமில்லை. அறுந்த முனையில் அரம் பட்ட துண்டை ஒடித்துப் பென்சில் பாக்ஸில் போட்டேன். அதை இந்தக் காகிதத்தோடு சேர்த்துப் பின் குத்தியிருக்கிறேன். அதன் பிறகுதான் அவள் முகத்தில் தண்ணீர் ஊற்றினேன், ஆபீசுக்கு ஓடினேன். வலது கண்ணில் இனிப் பார்வை வராது என்று டாக்டர் சொன்னதாகச் சித்தி அழுதுகொண்டே சொன்னாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் நேர்மையானவள் என்பது நிரூபணமாகிவிட்டது. இனி அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. நான் உட்பட.

கம்பியில் அரம் போட்டது நான். சாவியை மறைத்தது நான். கிட்டப் போகச் சொன்னது நான். சாரைத் திரும்பக் கூப்பிட்டுவிடுங்கள்.

இத்தோடு கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் நேற்று ஆஸ்பத்திரியில் ஒன்று நடந்தது. கண்ணாடி ஏன் மாட்டவில்லை என்று சித்தி அவளைக் கேட்டாள். நான் வாசல் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். "அக்கா எடுத்துக் குடுக்கறேன்னுதாம்மா சொன்னா. நான்தான் வேண்டாம்னுட்டேன். அவளைத் திட்டாதீங்க" என்றாள்.

அது பொய் மேடம். எனக்கும் அவளுக்கும் மட்டுமே தெரிந்த பொய். வாய் கூசாமல், தடுமாறாமல் சொன்னாள். நேர்மையானவள் என்று நிரூபணமானவள் எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்? என்னைக் காப்பாற்றி அவளுக்கு என்ன ஆகப் போகிறது? நேற்றிலிருந்து இதே யோசனைதான்.

ஒரே ஒரு ரீடிங்கை வைத்து நான் முடிவுக்கு வந்திருக்கக் கூடாது. எதையும் மூன்று முறை செய்து பார்க்க வேண்டும் என்றுதான் சார் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நீங்கள் இதைப் படித்து முடிப்பதற்குள் சனிக்கிழமை வந்துவிடும். அன்றைக்கு அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கட்டுப் பிரிக்கும்வரை கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமாம். அக்காதான் வேண்டும் என்கிறாளாம்.